பிள்ளை பிடிக்கிறவள்

த்ரொன்ஹைமில் நாங்கள் குடியிருக்கும் தெருவின் முனையில் ஒரு ரொட்டிக்கடை இருக்கிறது. காலை பத்து மணிக்கு மேல் அதன் வாசலில் நாலைந்து தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். பனி பெய்தாலும் நிற்கும். நார்வேக்கு வந்த புதிதில், யாரோ காலி வண்டிகளை வெளியே விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்கள் என்று நினைத்துத் தினமும் அவற்றைத் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தேன். எங்கள் பர்மாவில், யாங்கோன் பபேடானில் பள்ளிவாசல் படியில் செருப்புகள் கிடக்குமே, அதைப் போல என்று எடுத்துக்கொண்டேன். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ ஒரு வண்டிக்குள்ளிருந்து தும்மல் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தால் உள்ளே ஒரு பிள்ளை. ஆறு மாதம் இருக்கும். கம்பளிக்கு நடுவே ஒரு சிவந்த மூக்கு மட்டும் தெரிந்தது. அடுத்த வண்டியைப் பார்த்தேன், அதிலும் பிள்ளை. அதற்கடுத்ததிலும் பிள்ளை. எதிரே மருந்துக்கடைப் பலகையில் மைனஸ் ஏழு என்று ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாய்மார்கள் காப்பி குடித்துக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் என் கணவர் செல்வம் வேலையிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றுவதற்குள் விஷயத்தைக் கொட்டினேன். இவர் யாங்கோனுக்கு எதிர்க்கரையில் இருக்கும் தன்லியினில் கப்பல் எஞ்சின் படித்தவர். கப்பல் கப்பலாகச் சுற்றிவிட்டு, கடைசியில் இந்த ஊரில் கப்பல் எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை கிடைத்துத்தான் என்னையும் கூட்டி வந்தார். எதற்கும் பதறாத மனிதர்.

“வெளிய படுக்க வச்சாத்தான் நல்லாத் தூங்குமாம். நெஞ்சுக்கும் நல்லதாம். பட்டறையில எல்லாருமே அப்படி வளந்தவங்கதான்” என்றார்.

“மீனைத்தான் ஐஸ்ல வைப்பாங்க. பிள்ளையையுமா?”

“ஊரோட ஒத்துப் போ, சாந்தி” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

எப்படி ஒத்துப் போவது? யாங்கோன்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். யாங்கோனின் இன்சீன் பகுதியில், எங்கள் வீட்டில், அக்கா மலர் பிள்ளை பெற்றபோது நடந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. அக்கா இருந்த அறையின் ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் அம்மா செய்தித்தாளைக் கிழித்து அடைத்துவிட்டாள். பச்சை உடம்புக்காரிக்கும் பிள்ளைக்கும் காற்றுப் படக்கூடாதாம். பக்கத்து வீட்டுப் பர்மிய அம்மாள் டோ கின் சுவே மஞ்சளை அரைத்துக் கொண்டுவந்து அக்காவின் உடம்பெல்லாம் பூசினார். அடுப்பில் சுட்ட செங்கல்லைத் துணியில் சுற்றி வயிற்றில் வைத்தார். தமிழ் வைத்தியமும் பர்மிய வைத்தியமும் வேறு எதில் சண்டை போட்டாலும் குளிர்தான் எதிரி என்பதில் ஒரே கட்சி. நாற்பத்தைந்து நாள் ஃபேன் போடவில்லை. கரண்ட் இருந்த நேரத்திலும் போடவில்லை. அக்கா வேர்த்து வழிந்துகொண்டு, “சாந்தி, என்னையக் கொஞ்சம் விசிறி விடுடி” என்று கெஞ்சுவாள். அம்மா கதவுப் பக்கம் நின்று முறைப்பாள். அந்த வீட்டில் வளர்ந்த கண்ணுக்குப் பனியில் தூங்கும் பிள்ளை எப்படித் தெரியும்? யாரோ தூக்கியெறிந்துவிட்டுப் போன பிள்ளையாகத்தான் தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் ஒரு பிள்ளை அழுதால் அது யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. முதலில் அழுகை நிற்கட்டும், மற்றதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். அக்கா பபேடானில் டீக்கடைக்குள் நுழைந்தாளென்றால், அவள் மீன் சாறு ஊற்றிய மொஹிங்கா சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் மகன் அவளிடம் இருக்கமாட்டான். கடைக்கார பாய் மடியில் இருப்பான், அல்லது பக்கத்து மேசை அம்மாள் அவனுக்கு வாசலில் காக்கா காட்டிக்கொண்டிருப்பாள். பஸ்ஸில் நின்றுகொண்டு போனால் உட்கார்ந்திருப்பவர் கை நீட்டிப் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். கேட்கமாட்டார், கொடு என்றுகூடச் சொல்லமாட்டார். இறங்கும்போது திருப்பிக் கொடுப்பார், அவ்வளவுதான். குழந்தையும் தெய்வமும் கொண்டாடும் இடத்திலே என்பார்கள். எங்களுக்கு யாங்கோன் முழுவதுமே அப்படிப்பட்ட இடமாக இருந்தது.

இனி நடந்த கூத்துக்கு வருகிறேன். வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நான் ஐந்து மாதம் முழுகாமல் இருந்தேன். மொழி வகுப்பு முடிந்து தனியாக வந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு ரொட்டிக்கடை வாசலில் ஒரே ஒரு வண்டிதான். உள்ளே பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. பசி அழுகை வேறு, தூக்க அழுகை வேறு. இது ஆள் தேடும் அழுகை. நான் நின்றேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன், யாரும் திரும்பவில்லை. கண்ணாடியைத் தட்டினேன். ஒருவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டுத் தன் காப்பியைக் கவனிக்கப் போய்விட்டார். பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. வண்டிமேல் போட்டிருந்த வலையை விலக்கிப் பிள்ளையைத் தூக்கிவிட்டேன்.

கோட்டைத் திறந்து உள்ளே வைத்து அணைத்துக்கொண்டதும் பாதி அழுகை அடங்கிவிட்டது. ஆண் பிள்ளை. பால் வாசம் அடித்தது. முதுகைத் தட்டிக்கொண்டே நடந்தேன். தூக்கியவள் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கலாம் அல்லவா? நிற்கவில்லையே! பிள்ளையைத் தூக்கினால் நடக்க வேண்டும், நடந்தால் எதையாவது காட்ட வேண்டும், அப்படித்தானே நாம் பழகியிருக்கிறோம்? சுற்றுமுற்றும் காக்கா ஒன்றையும் காணோம். தெருமுனை விளக்குக் கம்பத்தில் ஒரு கடற்புறா உட்கார்ந்திருந்தது. சரி, இந்த ஊருக்கு இதுதான் காக்கா என்று அதைக் காட்டப் போனேன். இருபது இருபத்தைந்து அடி இருக்கும். “அங்க பாரு, அங்க பாரு” என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளை அண்ணாந்து பார்த்தது. எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கமாக இருக்கிறது. அந்த ஊருக்கு வந்து அன்றுதான் முதல்முறையாக ஒரு காரியத்தைச் சரியாகச் செய்வதாக நினைத்தேன்.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அலறல் இல்லை. மிதிபட்ட நாய் கத்துமே, அந்த மாதிரி ஒரு சத்தம். கோட்டுகூடப் போடாமல் ஒரு பெண் வாசலில் நின்று காலி வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். வழுக்கும் பனியில் ஓடிவந்தாள். பிள்ளையை என் கோட்டுக்குள்ளிருந்து பிடுங்கினாள். அவளுடைய கை நடுங்கியதில் என் பொத்தான் ஒன்று தெறித்து விழுந்தது.

“ஹன் கிரோத்” என்றேன். அவன் அழுதான் என்று அர்த்தம். அந்த வாரம்தான் வகுப்பில் இறந்தகாலம் படித்திருந்தேன்.

“நீ அவனை எடுத்துக்கொண்டு போனாய்” என்றாள் அவள் மொழியில்.

நான் சிரித்தேன். அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. சங்கடம் வந்தால், தப்புச் செய்துவிட்டோமோ என்று கூச்சம் வந்தால், நம் ஊர்க்காரர்கள் சிரிப்போம். மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதை வாய் சொல்வதற்கு முன்னால் முகம் சொல்லிவிடும். யாங்கோனில் அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எதிராளியும் சிரித்துவிட்டுப் போய்விடுவார். இவள் என் சிரிப்பைப் பேயைக் கண்ட மாதிரிப் பார்த்தாள். இரண்டடி பின்னால் போய்ப் பிள்ளையின் தலையைக் கையால் மூடிக்கொண்டாள். அதற்குள் கடைக்குள்ளிருந்த எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை, தொடவும் இல்லை. சுற்றி நின்று பார்த்தார்கள். பிள்ளை பிடிக்கிறவன் வருவான், சாக்கில் போட்டுக்கொண்டு போவான் என்று சின்ன வயதில் சோறு ஊட்டும்போது அம்மா பயமுறுத்துவாள். அந்த ஆளை வாழ்க்கையில் ஒரு நாளாவது பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அன்று அத்தனை பேர் பார்வையிலும் அந்த ஆளாக நான் நின்றுகொண்டிருந்தேன்.

போலீஸ் வந்தது. இரண்டு பேர், ஒருத்தி பெண். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், பொய் சொல்லக்கூடாது. தங்கள் காருக்குள் உட்கார வைத்து, போனில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்தார்கள். பேச்சைக் கேட்டதும் யாழ்ப்பாணத்துப் பெண் என்று தெரிந்தது. நான் பேசும் தமிழில் பாதி பர்மியச் சொல், அவர் பேசும் தமிழ் வேறு தினுசு. ஆனாலும் அந்த நேரத்தில் அந்தக் குரல் எனக்குச் சொந்தக்காரியின் குரலாக இருந்தது.

“நீங்கள் ஏன் பிள்ளையைத் தூக்கினீங்கள் எண்டு கேக்கினம்.”

“அழுதுச்சு. தூக்குனேன்.”

“அது சரி. ஏன் தூக்கிக்கொண்டு போனீங்கள்?”

“காக்கா காட்டப் போனேன்மா.”

அவர் மெதுவாகச் சொன்னார்: “எனக்கு விளங்குது அக்கா. இதை இவைக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டுதான் தெரியேல்லை.” அப்புறம் நார்வேஜிய மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். என் மூன்று சொல்லுக்கு அவ்வளவு நீளம் தேவைப்பட்டது. போலீஸ் பெண் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்ததும் என் வயிற்றைப் பார்த்தாள். “எத்தனை மாதம்?” என்று கேட்டாள். அதையும் எழுதிக்கொண்டாள்.

அந்த எழுத்துதான் என்னை அரித்துத் தின்றது. அந்த நாட்டில் பிள்ளையை ஒழுங்காக வளர்க்காதவர்களிடமிருந்து பிள்ளையை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்று வகுப்பில் எல்லாரும் குசுகுசுவென்று பேசிக்கொள்வார்கள். எது உண்மை எது புரளி என்று எனக்குத் தெரியாது. பிள்ளை தூக்கியவள் என்று பேர் எழுதியாகிவிட்டது. இனி என் வயிற்றில் இருப்பதை என்னிடம் விட்டு வைப்பார்களா? செல்வம்கூட அந்த முறை பதறிவிட்டார். சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்திருந்துவிட்டு, “அடுத்தவன் பிள்ளையத் தொடணும்னு உனக்கு என்ன தலையெழுத்து?” என்றார். கல்யாணமாகி ஏழு வருடத்தில் இவர் என்னிடம் கடுமையாகப் பேசியது அன்றுதான். பதிலுக்குக் கத்தினேன். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

ஐந்து வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தவறான எண்ணம் எதுவும் இல்லை, மேற்கொண்டு நடவடிக்கை இல்லை என்று இருந்தது. கர்ப்பிணிகளைப் பார்க்கும் நர்ஸ், நல்ல பெண், அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டுச் சொன்னாள்: “இங்கே பிள்ளையைத் தொடும் முன் பெற்றோரைக் கேட்க வேண்டும்.” அழுதால் என்று கேட்டேன். “அப்போதும் கேட்க வேண்டும்.” மூச்சு இழுத்தால் என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே பேனாவை மூடிவிட்டாள். அன்றிலிருந்து தெருவில் பிள்ளைகளைப் பார்த்தால் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வேன். கை பரபரக்கும். உள்ளே விரலை மடக்கிக்கொண்டு தாண்டிப் போய்விடுவேன்.

நிலா பிறந்தாள். முதல் இரண்டு மாதம் ஜன்னலைத் திறக்கவே விடவில்லை. அவளும் பிடிவாதக்காரி, பகலில் கண்ணை மூடமாட்டாள். மூன்றாவது மாதம், தூக்கமில்லாமல் நான் பாதிப் பைத்தியமாக இருந்த ஒரு மத்தியானம், செல்வம் அவளைக் கம்பளியில் சுற்றி வண்டியில் போட்டுப் பால்கனியில் வைத்துவிட்டார். நான் கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போய் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். பாவி மகள் இரண்டரை மணி நேரம் தூங்கினாள். மறுநாள் நானே வைத்தேன். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, அதற்குமேல் கம்பளிக் குல்லா, அதற்குமேல் பனி. வாரக் கடைசியில் வீடியோவில் அம்மா கேட்டாள், “பிள்ளை எங்க?” போனைத் திருப்பிக் காட்டினேன்.

இன்சீனில் அம்மா போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு டோ கின் சுவே ஓடிவந்துவிட்டார். “அடிப் பாவி, பெத்த பிள்ளையக் கொல்லப் பாக்குறியே. நீயெல்லாம் ஒரு தாயா?”

“இங்க அப்படித்தான்மா. நெஞ்சுக்கு நல்லது” என்றேன். செல்வம் எனக்குச் சொன்ன அதே வார்த்தை. சொல்லும்போதே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மகள் வளர்ந்தாள். அவளுக்கு அந்த ஊரில் எல்லாரும் நல்லவர்கள். மாடிப்படியில் பார்த்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, அழகாக இருக்கிறாள் என்று சொல்வார்கள். தூக்கமாட்டார்கள். பதினான்கு மாதத்தில் என்னையும் செல்வத்தையும் நர்ஸையும் தவிர யாரும் என் மகளைத் தூக்கியதில்லை. அது எனக்கு உறைக்கவே இல்லை என்பதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

போன மாதம் யாங்கோன் வந்தோம். செல்வத்துக்கு லீவு கிடைக்கவில்லை, நானும் நிலாவும் மட்டும். வீட்டில் அம்மாவும் அக்காவும் தூக்கினார்கள், அது வேறு. மூன்றாம் நாள் அக்காவோடு பபேடானுக்குப் போய்த் துணிமணி வாங்கிக்கொண்டு, இன்சீனுக்குத் திரும்ப, ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் ஏறினோம். கூட்டமென்றால் அப்படிக் கூட்டம். அக்கா கையில் பைகள். நான் ஒரு கையில் கம்பியையும் இன்னொரு கையில் நிலாவையும் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரே பலகையில் ஒரு பர்மியப் பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். கன்னத்தில் வட்டமாகத் தனக்கா மரப்பட்டை அரைத்த பூச்சு, காலடியில் காய்கறிக் கூடை. ரயில் குலுங்கியது. அவள் கை நீட்டி நிலாவை என் இடுப்பிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இக்கெ தா ஹென்னெ!”

கத்தியது நான்தான். அவளை எடுக்காதே என்று அர்த்தம். தமிழ் வரவில்லை, பர்மிய மொழி வரவில்லை. நார்வேஜிய மொழியில் கத்தினேன். கத்தியதோடு விட்டேனா, பிள்ளையைப் பிடித்து இழுத்தேன். அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் என் நகம் பட்டுக் கோடு விழுந்துவிட்டது. நிலா வீறிட்டு அழுதாள். பெட்டி முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. என்ன மொழி என்று புரியாவிட்டாலும் என்ன சொன்னேன் என்று எல்லாருக்கும் புரிந்திருந்தது. அக்கா என்னை முறைத்த முறையில் நான் செத்தேன்.

அந்தப் பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். ரொட்டிக்கடை வாசலில் நான் சிரித்தது.

“யபாதெ, யபாதெ” என்றாள். பரவாயில்லை, பரவாயில்லை. சொல்லிவிட்டு இரண்டு கையையும் மடக்கித் தன் மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

“என்னடி ஆச்சு உனக்கு?” என்றாள் அக்கா, அடிக்குரலில். “பிள்ளையத்தான வாங்குனாங்க. பாம்பா கொத்துச்சு?”

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அந்தத் தாய் வழுக்கும் பனியில் ஓடிவந்தது நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து அவள்மேல் எனக்கு ஒரு கோபம் இருந்தது, உங்களிடம் மறைப்பானேன். உதவி செய்தவளைத் திருடியாக்கிவிட்டாளே என்ற கோபம். இப்போது அவளுடைய நடுக்கம் என் கையில் இருந்தது. என் எதிரே என்னுடைய சிரிப்போடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் என் நகம் கீறியிருந்தது.

அடுத்த ஸ்டேஷன் தாண்டியது. நிலா இன்னும் தேம்பிக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பெண்ணிடம் பர்மிய மொழியில், “அக்கா, கொஞ்சம் வச்சுக்கிறீங்களா?” என்று கேட்டேன். எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி. அவள் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். நிஜமாகத்தான் சொல்கிறேனா என்று பார்த்திருப்பாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். கொடுத்தேன். நிலாவை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்து, தண்டவாளத்து ஓரம் மின்கம்பியில் உட்கார்ந்திருந்ததைக் கையை நீட்டிக் காட்டினாள். காக்கா. ஒன்று இல்லை, வரிசையாக ஒரு கூட்டம். நிலா தேம்பலை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தாள்.

“பாத்தியா, சிரிக்குது” என்றாள் அக்கா. நானும் தலையை ஆட்டினேன். இன்சீன் வந்து, இறங்க வேண்டும் என்று அக்கா என் தோளைத் தட்டியபோதுதான் கவனித்தேன். பிள்ளை அந்தப் பெண்ணின் மடியில் இருந்தது. பிள்ளையின் சட்டை நுனி என் கைக்குள் இருந்தது. அவ்வளவு தூரமும் அதை நான் விடவே இல்லை.